தொழிற்சங்கச் சட்டத்துக்கு வெளியே ஒரு தொழிற்சங்கம்: தமிழக ஆசிரியர் இயக்கங்களின் வலிமை எங்கிருந்து வருகிறது?

ஆசிரியர், அரசு ஊழியர் அமைப்புகளின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்த அறிவிப்பு வெளியிடும் ஒவ்வொரு முறையும் ஒரே வகையான கேள்விகள் எழுகின்றன. ஆசிரியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமை உண்டா? உரிமை இல்லையென்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்ட பிறகும் எப்படிச் செய்கிறார்கள்? அரசு முதலில் இடைநீக்கம் செய்துவிட்டு, பிறகு ஏன் எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறது? ஆலைத் தொழிலாளர் சங்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஆசிரியர் சங்கத்தைப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம் நேர்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் இவை இரண்டும் வெவ்வேறு. ஆலைச் சங்கத்துக்குச் சட்டம் தந்த கருவிகளில் பெரும்பாலானவை ஆசிரியர் சங்கத்திடம் இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டின் மிக வலிமையான பணியாளர் அமைப்புகளுள் அது ஒன்றாக இருக்கிறது. இந்த முரணை விளக்க, சட்டத்திலிருந்து தொடங்கி வரலாற்றுக்கு வர வேண்டும்.

"தொழிற்சங்கம்" என்பதன் சட்டப் பொருள்

இந்தியாவின் தொழிற்சங்கச் சட்டத்துக்கே சென்னைதான் ஒரு வகையில் பிறப்பிடம். 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம் பக்கிங்காம் – கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகப் போராடியபோது, ஆலையை நடத்திய பின்னி நிறுவனம் சங்கத் தலைவர் பி.பி. வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. தொழிலாளர்களை வேலைக்குப் போகாதிருக்கத் தூண்டுவது ஒப்பந்த மீறலைத் தூண்டுவதாகும் என்பது நிறுவனத்தின் வாதம். சங்கம் நடத்துவதே குற்றமாகக் கருதப்படலாம் என்ற அந்த நிலையை மாற்றுவதற்காக வந்ததுதான் 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகிகளுக்குக் குற்றச் சதி வழக்கிலிருந்து 17-ஆம் பிரிவும், உரிமையியல் வழக்கிலிருந்து 18-ஆம் பிரிவும் பாதுகாப்பு அளித்தன. 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம் அடுத்த படியாக, சமரச அலுவலர், தொழிலாளர் நீதிமன்றம், தீர்ப்பாயம் ஆகிய அமைப்புகளைத் தந்தது; முறையான முன்னறிவிப்போடு நடத்தப்படும் வேலைநிறுத்தத்துக்கும் அதில் இடம் இருந்தது.

இந்த இரண்டு சட்டங்களின் கதவும் ஆசிரியர்களுக்குத் திறக்கவில்லை. அது நான்கு படிகளில் நிகழ்ந்தது.

1. சங்கப் பதிவு. தொழிற்சங்கச் சட்டம் வணிகத்திலோ தொழிலிலோ பணிபுரிபவர்களைப் பற்றியே பேசியது. தமிழ்நாடு அரசிதழ்ப் பதிவு பெறாத அலுவலர்கள் சங்கம், அதாவது என்.ஜி.ஓ. சங்கம், தன்னைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றம் சென்றபோது, அரசு நிர்வாகப் பணி அந்த வரையறைக்குள் வராது என்று தீர்ப்பானது. ஆகவே அரசு ஊழியர் அமைப்புகள் பொதுவாகப் பணியாளர் சங்கங்களாகவே இயங்குகின்றன. தொழிற்சங்கத்துக்குரிய காப்புகள் அவற்றுக்குக் கிடைப்பதில்லை.

2. கல்வி ஒரு தொழிலா? 1963-இல் தில்லி பல்கலைக்கழக வழக்கில், இல்லை என்றது உச்ச நீதிமன்றம். 1978-இல் பெங்களூரு குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கல்வி நிறுவனமும் தொழிலே என்றது. ஆசிரியர்கள் மகிழ்ந்திருக்கலாம், ஆனால் அந்த மகிழ்ச்சி பத்து ஆண்டுகளே நீடித்தது.

3. ஆசிரியர் ஒரு தொழிலாளியா? 1988-இல் கோவாவைச் சேர்ந்த ஆசிரியை ஒருவரின் பணிநீக்கம் தொடர்பான சுந்தராம்பாள் வழக்கில், பள்ளி தொழிலகமாக இருக்கலாம், ஆனால் ஆசிரியர் தொழிலாளி அல்லர் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கற்பித்தல் என்பது உடலுழைப்பு, திறன் பணி, தொழில்நுட்பப் பணி, எழுத்தர் பணி, மேற்பார்வைப் பணி என்று சட்டம் அடுக்கும் எந்தப் பட்டியலிலும் சேராதாம். இதன் விளைவாக, ஒரே பள்ளியில் பேருந்து ஓட்டுநர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குச் செல்லலாம். பாடம் நடத்துபவர் செல்ல முடியாது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின் தொழிலாளி வரையறையில் பத்திரிகையாளர்களும் விற்பனை மேம்பாட்டுப் பணியாளர்களும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள், ஆசிரியர்கள் சேர்க்கப்படவில்லை.

4. வேலைநிறுத்தம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973-இன் 22-ஆம் விதி, வேலைநிறுத்தத்தில் ஈடுபடுவதையும் அதைத் தூண்டுவதையும் தடை செய்கிறது. மறுபக்கம், சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19-ஆம் உறுப்பில் இருக்கிறது. அமைதியான ஆர்ப்பாட்டத்தை ஒட்டுமொத்தமாகத் தடை செய்ய முடியாது என்று 1962-இல் காமேஸ்வர பிரசாத் வழக்கிலும், அங்கீகாரம் பெறாத சங்கத்தில் சேரக் கூடாது என்று ஊழியரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அதே ஆண்டு கோஷ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

சுருங்கச் சொன்னால், சங்கம் வைக்கலாம், கூடலாம், முழக்கமிடலாம். வேலையை நிறுத்தக் கூடாது. பேச்சுவார்த்தைக்கு வரும்படி அரசைச் சட்டப்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டுப் பேர உரிமை ஆகியவை பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 87, 98-ஆம் எண் உடன்படிக்கைகளை இந்தியா இன்றுவரை ஏற்காததற்கு அரசு ஊழியர்கள் மீதான இந்தக் கட்டுப்பாடுகளும் ஒரு காரணம்.

முதல் எதிராளி அரசு அல்ல, மேனேஜர்

சட்டம் இவ்வளவு குறுகலாக இருந்தும் சங்கங்கள் ஏன் தோன்றின என்பதற்கு விடை, மானியப் பள்ளிகளின் வரலாற்றில் இருக்கிறது. 1854-ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைக்குப் பிறகு, தனியார் பள்ளி நடத்தினால் அரசு மானியம் தரும் என்ற ஏற்பாடு சென்னை மாகாணத்தில் வேரூன்றியது. மிஷன்களும், சாதிச் சங்கங்களும், ஊர்ப் பெரிய மனிதர்களும் பள்ளி தொடங்கினர். மானியம் பள்ளியை நிர்வகிக்கும் மேனேஜர் கைக்கு வரும். அவர் ஆசிரியருக்குச் சம்பளம் தருவார். ஏட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்து, கையில் வேறொரு தொகை என்பது தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் தலைமுறை நினைவு. வேலையை விட்டு நீக்க ஒரு வாய்ச்சொல் போதும். அரசுப் பக்கத்திலும் நிலைமை பெரிதாக மேம்பட்டிருக்கவில்லை: மாவட்டக் கழகப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, பின்னாளில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்று முதலாளிகள் மாறினார்களே தவிர, இடமாறுதலும் தண்டனையும் உள்ளூர் அரசியல்வாதியின் விருப்பத்தைப் பொறுத்தே இருந்தன.

ஆகவே முதல் தலைமுறைச் சங்கங்களின் கோரிக்கை சம்பள உயர்வைவிட அடிப்படையானது: எங்களுக்கு முதலாளி யார் என்று முடிவு செய்யுங்கள், அது அரசாகவே இருக்கட்டும். தென்னிந்திய ஆசிரியர் சங்கம் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆங்கிலத்தில் மாநாடு நடத்தி, தீர்மானம் நிறைவேற்றி, இதழ் வெளியிட்டு இயங்கியது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் உலகம் வேறு. மாஸ்டர் இராமுண்ணி போன்றவர்கள் அவர்களை ஒன்றியந்தோறும் திரட்டினார்கள். இந்த இரு மரபுகளுக்கும் இடையிலான இடைவெளி இன்றைக்கும் முழுவதாக மறையவில்லை.

அந்தக் கோரிக்கை மூன்று கட்டங்களில் நிறைவேறியது.

1. 1955: காமராஜர் ஆட்சியில், மானியப் பள்ளி ஆசிரியர்களுக்கும் சேமநிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றும் சேர்ந்த முப்பயன் திட்டம் வந்தது. தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு அரசு ஓய்வூதியம் என்பது அன்றைய இந்தியாவில் புதுமை. மதிய உணவுத் திட்டத்தைப் பேசும் அளவுக்கு நாம் இதைப் பேசுவதில்லை. ஆனால் கிராமத்துப் படித்த இளைஞருக்கு வாத்தியார் வேலையை மதிப்புள்ளதாக்கியதில் இதன் பங்கு பெரிது.

2. 1973: அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம். கல்வித் துறையின் முன் அனுமதியின்றி ஆசிரியரைப் பணிநீக்கம் செய்யக் கூடாது, இடைநீக்கத்தைக் காலவரம்பின்றி நீட்டிக்கக் கூடாது என்ற விதிகளால் மேனேஜரின் வாய்ச்சொல்லுக்கு முதன்முறையாகக் கடிவாளம் விழுந்தது.

3. 1981 ஜூன் 1: எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். ஒன்றியத் தலைவரின் பிடி தளர்ந்தது. ஆசிரியர்களின் ஊதியக் கோரிக்கையும் அரசு ஊழியர்களின் ஊதியக் கோரிக்கையும் ஒன்றாயின. ஆசிரியர் அமைப்புகளின் கூட்டுக்குழுவும் அரசு ஊழியர் அமைப்புகளின் கூட்டுக்குழுவும் இணைந்து ஜாக்டோ-ஜியோ என்று பேசப்படுவதற்கான அடித்தளம் இதுதான்.

மூன்றாவது வெற்றியில் ஒரு விலையும் ஒளிந்திருந்தது. அரசு ஊழியராவது என்றால் 22-ஆம் விதிக்குள் வருவது. பாதுகாப்பைக் கேட்டுப் பெற்றவர்கள், வேலைநிறுத்தத் தடையையும் சேர்த்துப் பெற்றார்கள்.

மேலவை என்ற வாசல் மூடப்பட்டது

அரசியலமைப்பின் 171-ஆம் உறுப்பு, சட்ட மேலவை உறுப்பினர்களில் பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்க வழி செய்கிறது. இடைநிலைப் பள்ளிக்குக் குறையாத கல்வி நிறுவனத்தில் மூன்றாண்டு பணியாற்றியவர்களே இதில் வாக்காளர்கள். எண்ணிக்கையில் பெரும்பான்மையான தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு வாக்கில்லை. அப்படியிருந்தும், கல்வி அமைச்சரை நேருக்கு நேர் கேள்வி கேட்கும் ஒரு முறையான இடம் அது. 1986 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் மேலவை ஒழிக்கப்பட்டதும் அந்த வாசல் மூடியது. மேலவை தொடரும் கர்நாடகத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் ஆசிரியர் தொகுதித் தேர்தல் இன்றும் பரபரப்பாக நடக்கிறது. தமிழ்நாட்டிலோ மிச்சமிருந்தது தெரு, இயக்குநரக வளாகம், வாக்குச்சாவடி.

2003: சட்டம் வென்றது, பிறகு தேர்தல் வென்றது

ஆசிரியர் சங்கங்களின் உண்மையான வலிமையையும் வலுவின்மையையும் ஒருசேரக் காட்டிய நிகழ்வு 2003 ஜூலை வேலைநிறுத்தம். ஓய்வூதியப் பலன்கள் குறைக்கப்பட்டது உள்ளிட்ட சிக்கன நடவடிக்கைகளை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஜூலை 2 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஜெயலலிதா தலைமையிலான அரசிடம் 2002-இல் இயற்றிய அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம், அதாவது எஸ்மா, தயாராக இருந்தது. ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் அதைக் கடுமையாக்கிய அரசு, சுமார் 1,70,000 பேரை ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது. விசாரணை இல்லை, விளக்கம் கேட்கும் குறிப்பாணையும் இல்லை. இரவில் வீடு தேடிச் சென்று சங்க நிர்வாகிகள் கைது செய்யப்பட்டார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2003 ஆகஸ்ட் 6 அன்று ரங்கராஜன் வழக்கில் நீதிபதிகள் எம்.பி. ஷா, ஏ.ஆர். லட்சுமணன் அமர்வு வழங்கிய தீர்ப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. செய்தித்தாள்கள் பெரும்பாலும் முதல் பகுதியை மட்டுமே நினைவில் வைத்திருக்கின்றன. முதல் பகுதி: அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மீக உரிமையோ கிடையாது. இரண்டாம் பகுதி: நிபந்தனையற்ற மன்னிப்பும், இனி 22-ஆம் விதிக்குக் கட்டுப்படுவோம் என்ற உறுதிமொழியும் எழுதித் தருபவர்களை மீண்டும் பணியில் சேர்க்க வேண்டும், எஞ்சியவர்களின் விவகாரத்தை ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஆராய வேண்டும். அந்த மன்னிப்புக் கடிதம் எழுதிய அவமானத்தை மூத்த ஆசிரியர்கள் இன்றும் மறக்கவில்லை.

அடுத்த ஆண்டு மே மாதம் நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் ஆளுங்கட்சிக் கூட்டணி தோற்றது. முடிவு வெளியான சில நாள்களிலேயே ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் கைவிடப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். தோல்விக்கு ஆசிரியர் வாக்கு மட்டும் காரணம் என்று சொல்வது மிகை. கூட்டணிக் கணக்கே போதுமான காரணம். ஆனால் அரசியல் கட்சிகள் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் வேறு. ஆசிரியர் ஒருவர் ஒரு வாக்கு அல்லர். ஒரு குடும்பம், ஓர் ஊர், தேர்தல் நாளில் ஒரு வாக்குச்சாவடி.

ஆகவே இந்தச் சங்கங்களின் பேரவலிமை சட்டத்திலிருந்து வரவில்லை. முதலாளி தேர்தலில் நிற்பவர் என்பதிலிருந்து வருகிறது. தனியார் முதலாளியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை யாரும் மாற்ற முடியாது.

2017, 2019, 2021: அதே சுழற்சி

இதை ஏற்றுக்கொண்டால் பின்வந்த நிகழ்வுகள் எளிதில் விளங்கும். ஏழாவது ஊதியக் குழு அடிப்படையிலான உயர்வு 2016 ஜனவரி 1 முதல் கணக்கிடப்பட்டாலும் பணமாகக் கிடைத்தது 2017 அக்டோபர் முதல்தான். இடைப்பட்ட 21 மாத நிலுவை ஒரு கோரிக்கையானது. அதைவிடப் பெரியது ஓய்வூதியம். 2003 ஏப்ரல் 1-க்குப் பின் பணியில் சேர்ந்தவர்களுக்குத் தமிழ்நாடு, மத்திய அரசுக்கும் முன்பாகவே, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. சிபிஎஸ் என்ற மூன்றெழுத்தால் அறியப்படும் இத்திட்டத்தில், ஊழியர் தன் சம்பளத்தில் 10 விழுக்காடு செலுத்த வேண்டியிருந்தது. பழைய திட்டத்தைப் போலக் கடைசிச் சம்பளத்தில் பாதி என்ற உறுதிப்பாடு இருக்கவில்லை. 1955-இல் பெற்றது 2003-இல் போயிற்று என்பதே சங்கங்களின் வாதம்.

2017 செப்டம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் நின்றது. 2019 ஜனவரி 22 முதல் 30 வரை நடந்த வேலைநிறுத்தத்தை அரசு பழைய முறைப்படியே எதிர்கொண்டது: கைது, இடைநீக்கம், 17(பி) குறிப்பாணை, மாதம் 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்கள். கோரிக்கை எதுவும் நிறைவேறாமல் போராட்டம் முடிந்தது. 17(பி) என்பது ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் பெரும் தண்டனைக்கு வழிவகுக்கும் பிரிவு. அது நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வு நின்றுபோகும், ஓய்வு பெறுவதும் சிக்கலாகும். அந்த நடவடிக்கைகள் 2021 பிப்ரவரியில் ரத்தாகின. சட்டமன்றத் தேர்தல் நடந்தது ஏப்ரலில். எதிர்த்தரப்பில் தி.மு.க.வின் தேர்தல் அறிக்கை பழைய ஓய்வூதியத்தை மீட்போம் என்றது. பிறகு குழு, அதன் மேல் அறிக்கை, அதன் மேல் போராட்ட அறிவிப்பு என்று சுழற்சி தொடர்ந்தது.

சங்கம் யாருக்கு உதவவில்லை?

இந்தப் பகுதியைச் சங்கத் தலைவர்கள் விரும்ப மாட்டார்கள். ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் விளக்கம் அரைகுறையாகும்.

தேர்தலே ஆயுதம் என்றால், எண்ணிக்கையும் நிரந்தரப் பணியும் உள்ளவர்களே அதைக் கையாள முடியும். 2012-இல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேர். ஓவியம், உடற்கல்வி, தையல், இசை கற்பிக்கத் தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பெரும்பாலும் தனியாகவே அமர்ந்து போராடினார்கள். இடைநிலை ஆசிரியர்களின் ஊதிய முரண்பாடு இன்னும் விநோதமானது. 2009 மே 31 அன்று பணியில் இருந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். அதே தகுதி, அதே வகுப்பு, அதே பாடநூல். 3,170 ரூபாய் வேறுபாடு. பாதிக்கப்பட்டவர்கள் இதற்கெனத் தனி இயக்கம் தொடங்கி 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் சென்னையில் உண்ணாவிரதம் இருந்து மயங்கி விழுந்ததைத் தொலைக்காட்சியில் கண்டோம். பெரிய கூட்டமைப்பின் கோரிக்கைப் பட்டியலில் இதுவும் ஒரு வரியாக இருந்தது. ஒரு வரியாக மட்டும் இருந்ததே அவர்களின் குறை.

சங்கங்கள் பணி நிலைவாரியாகப் பிரிந்திருப்பதும் ஒரு காரணம். இடைநிலை ஆசிரியருக்கு ஒன்று, பட்டதாரி ஆசிரியருக்கு ஒன்று, முதுகலை ஆசிரியருக்கு ஒன்று, தலைமையாசிரியருக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் பிளவுபட்ட பிரிவுகள். ஒருவரின் பதவி உயர்வு இன்னொருவரின் இழப்பாகிவிடுகிறது. தொடக்கக் கல்வியில் ஒன்றிய அளவில் இருந்த முன்னுரிமைப் பட்டியலை மாநில அளவுக்கு மாற்றிய, 2023 டிசம்பரில் வெளியான 243-ஆம் எண் அரசாணை இதற்கு அண்மைச் சான்று. பெரும்பாலான அமைப்புகள் எதிர்த்தபோதும் ஒருமித்த குரல் எழவில்லை.

இவர்கள் எல்லாருக்கும் வெளியே நிற்பவர்கள், சுயநிதிப் பள்ளி ஆசிரியர்கள். அவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர், ஆகவே தேர்தல் ஆயுதம் இல்லை. 1988 தீர்ப்பின்படி தொழிலாளிகளும் அல்லர், ஆகவே தொழிலாளர் நீதிமன்றமும் இல்லை. பணிக்கொடை பெறவே எவ்வளவு காலம் ஆயிற்று என்று பாருங்கள்: 2004-இல் உச்ச நீதிமன்றம், பணிக்கொடைச் சட்டத்தின் வரையறைக்குள் ஆசிரியர் வரமாட்டார் என்றது, 2009-இல் நாடாளுமன்றம் 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு வரையறையைத் திருத்தியது, தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து வழக்காடி, 2022 ஆகஸ்டில்தான் அந்தத் திருத்தம் செல்லும் என்று உறுதியானது. மானியப் பள்ளி மேனேஜரிடம் அன்றைய ஆசிரியர்கள் பட்டதை, இன்று கரெஸ்பாண்டெண்ட் அறைக்கு வெளியே நிற்கும் இவர்கள் படுகிறார்கள்.

தகுதித் தேர்வுத் தீர்ப்பு: பழைய வழி செல்லாத இடம்

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றி அளித்த தீர்ப்பு, மேலே விவரித்த முறையின் எல்லையைக் காட்டுகிறது. தீர்ப்பின் சாரம்:

1. கல்வி உரிமைச் சட்டம் வருவதற்கு முன் நியமிக்கப்பட்டவர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம்.

2. ஓய்வு பெற ஐந்தாண்டுக்கும் குறைவாக உள்ளவர்கள் தேறாமலேயே பணியில் தொடரலாம். ஆனால் பதவி உயர்வு வேண்டுமானால் அவர்களும் தேற வேண்டும்.

3. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வு ஆராயும்.

2010 ஆகஸ்ட் 23-க்கு முன் நியமிக்கப்பட்டவர்களுக்குத் தேசிய ஆசிரியர் கல்வி மன்றத்தின் அறிவிக்கையே விலக்கு அளித்திருந்தது; இருபது ஆண்டுக்கு மேல் பாடம் நடத்தி, அந்த விலக்கை நம்பியிருந்தவர்கள் இப்போது வினாத்தாளைப் பார்த்துக் கலங்குகிறார்கள். மாணவர் பக்கமிருந்து பார்த்தால் ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதி கேட்பது நியாயமே. ஆனால் நியமனத்தின்போது இல்லாத நிபந்தனையைப் பணிக்காலத்தின் பிற்பகுதியில் விதித்து, தேறாவிட்டால் வேலையே இல்லை என்பது, பணி விதிகள் பற்றி இதுவரை இருந்த புரிதலையே அசைக்கிறது.

சங்கங்களுக்கு இதிலுள்ள சிக்கல் வேறு. எதிரே நிற்பது மாநில அரசு அல்ல. தமிழ்நாடு அரசும் தீர்ப்பைச் சீராய்வு செய்யக் கோரி ஆசிரியர் பக்கமே நின்றது. அதற்கு மேல் ஓர் அரசாணையால் இதைத் தீர்க்க முடியாது. கல்வி 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்குப் போனது. கல்வி உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தின் சட்டம். அதன் 23-ஆம் பிரிவைத் திருத்தும் அதிகாரம் தில்லியிடம் இருக்கிறது. தமிழ்நாட்டு வாக்குச்சாவடியை நம்பிக் கட்டப்பட்ட இயக்கம், பல மாநிலச் சங்கங்களோடு சேர்ந்து நாடாளுமன்றத்தை நோக்கிப் பேச வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறது. அகில இந்திய ஆரம்பப் பள்ளி ஆசிரியர் கூட்டமைப்பு போன்ற தேசிய அமைப்புகள் இருந்தாலும், அவற்றில் தமிழகச் சங்கங்கள் இதுவரை மாநாட்டுக்குச் சென்று திரும்பும் உறுப்பினர்களாகவே பெரும்பாலும் இருந்துள்ளன. தீர்ப்பு விதித்த கெடு 2027 செப்டம்பரில் முடிகிறது.